வெயிலில் ஒழுகிய கூரை

அத்தியாயம் ஐந்து

மாமா பொய் சொல்கிறார் என்பது சில்லறைக்குப் புரிந்துவிட்டது. குற்றவாளி பொய் சொன்னால் அவனுக்குக் கொண்டாட்டம். காப்பாற்ற வேண்டிய ஆளே பொய் சொன்னால் என்ன செய்வது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சில்லறை என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. இவன் வாயைத் திறந்தால் நோட்டாக ஒன்றும் விழாது, சில்லறையாகத்தான் கொட்டும் என்று மேடம் ஒருநாள் சொன்னார். அப்படியே ஒட்டிக்கொண்டது. மேடத்தின் துப்பறியும் அலுவலகத்தில் அவன் உதவியாளர். காரை ஓட்டுவான், கதவைத் தட்டுவான், அடி விழுந்தால் வாங்கிக்கொள்வான். இதுவரை ஊரார் வீட்டு வம்பைத்தான் வேடிக்கை பார்த்திருக்கிறான். இந்தத் தடவை வம்பு சொந்த வீட்டிலிருந்தே கிளம்பியிருந்தது. அவனுடைய அக்காவைக் கட்டிய மாமா, விமான மெக்கானிக், வேலையை விட்டு நிறுத்தி வைக்கப்பட்டு, கம்பெனி வாசலில் காவலாளி அறைக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"மறுபடி ஒரு தடவை சொல்லுங்க," என்றார் மேடம். அவர் அதட்டிப் பேசி சில்லறை கேட்டதில்லை. ரேஷன் கடையில் வரிசை நகர்ந்ததா என்று விசாரிக்கிற குரல்தான் எப்போதும்.

"முந்தா நாள் மத்தியானம் மேடம். விமானம் அன்னைக்குக் காலையிலதான் வந்து இறங்குச்சு. சக்கரக் கதவு சரியா மூடுதான்னு பாக்கற வேலை எனக்கு. அதுக்கு ஹைட்ராலிக் பம்ப்பை ஓட்டணும். காக்பிட்ல உக்காந்து ஸ்விட்சைப் போட்டேன். கொஞ்ச நேரத்துல சூடு ஏறிப்போச்சுன்னு சிவப்பு விளக்கு எரிஞ்சுது. ஓட்டம் நிக்கறதுக்குள்ள பம்ப்போட சீல் கிழிஞ்சு எண்ணெய் பீச்சி அடிச்சுடுச்சு. ஓடிப்போய் அதைப் புடிக்கப் போனதுல கண்ணுலயும் பட்டுடுச்சு. முதலுதவி ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"ஸ்விட்ச் போடறதுக்கு முன்னாடி வலது றெக்கையில ஃபியூயல் இருந்துதா?"

"இருந்துது. மீட்டர்ல பாத்தேன்."

"எவ்வளவு காட்டுச்சு?"

"நிறைய காட்டுச்சு."

"நிறையன்னு காட்டற மீட்டரா மாமா? ரொம்ப நல்ல மீட்டர்," என்றான் சில்லறை.

மேடம் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எண்ணெய் பம்ப்புக்கும் றெக்கையில இருக்கற ஃபியூயலுக்கும் என்ன சம்பந்தம்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. பக்கத்துல இவனும் இருக்கான், அதனால இன்னும் கொஞ்சம் எளிமையா."

மாமாவின் முகத்தில் அன்றைக்கு முதன்முறையாக உயிர் வந்தது. வேலையைப் பற்றிப் பேசச் சொன்னால் பட்டினி கிடக்கும்போதுகூட அவருக்கு உயிர் வந்துவிடும். அக்கா இதைச் சொல்லிச் சொல்லியே அலுத்துப்போனவள்.

"சக்கரம் இறங்கறது, பிரேக் புடிக்கறது, றெக்கை மடல் அசையறது, எல்லாமே இந்த எண்ணெய் அழுத்தத்துலதான் மேடம். பம்ப் ஓட ஓட எண்ணெய் கொதிக்கும். இன்னொரு பக்கம், மேல பறக்கும்போது பயங்கரக் குளிர். றெக்கைக்குள்ள இருக்கற ஃபியூயல் அப்படியே ஐஸ் மாதிரி ஆயிடும். அதனால கொதிக்கற எண்ணெயை ஒரு குழாய் வழியா டேங்க்குக்குள்ள கொண்டுபோய், ஃபியூயலுக்கு அடியில சுருள் குழாய்ல சுத்தவிட்டு வெளிய எடுக்கறோம். எண்ணெய்க்குச் சூடு தணியும். ஃபியூயலுக்குக் கொஞ்சம் குளிர் விடும்."

"கொதிக்கற எண்ணெயை எடுத்து எரியற சாமானுக்குள்ள விடறீங்க," என்றான் சில்லறை. "இதைக் கண்டுபுடிச்சவருக்கு வீட்ல தட்டிக் கேக்க ஆளே இல்லையா?"

"ரெண்டும் கலக்காது மாப்ள. அந்தச் சூட்டுக்கெல்லாம் ஃபியூயல் பத்திக்காது. எத்தனையோ விமானம் இப்படித்தான் பறக்குது, நீயும் அதுல தூங்கிக்கிட்டே போயிருக்க." மாமா மேடத்தின் பக்கம் திரும்பினார். "ஆனா ஒரு விதி இருக்கு. சுருள் முழுகற அளவுக்காவது ஃபியூயல் இருந்தாத்தான் தரையில பம்ப்பை ஓட்டலாம். இல்லன்னா சூட்டை வாங்கிக்க அங்க ஒண்ணும் இருக்காது. எண்ணெய் கொதிச்சுப் பம்ப் போயிடும்."

"உங்க பம்ப் போயிடுச்சு. டேங்க்கைப் பாத்தா ஃபியூயல் அடிமட்டம்."

"ஆமா. மறுநாள் வலது டேங்க்கைத் திறந்து உள்ள பாக்கற வேலை இருந்துச்சு. அதுக்காக ஃபியூயலை இடது றெக்கைக்கு மாத்தணும். காலையிலயே மாத்திட்டேன்னு அந்த வேலையைப் பாக்கற டேங்க் அண்ணன் விசாரணையில சொல்லிட்டார். மாத்தினது தெரியாம, மீட்டரையும் பாக்காம நான் ஓட்டிட்டேன்னு ஆயிடுச்சு." மாமா வலது உள்ளங்கையை வேட்டியில் துடைக்கிற மாதிரி பேன்ட்டில் தேய்த்தார். பத்து நிமிஷமாக இதையேதான் செய்துகொண்டிருந்தார்.

"கையில என்ன?" என்றார் மேடம்.

"ஒண்ணுமில்ல மேடம்."

"ஃபியூயல்னு நான் சொல்லும்போதெல்லாம் கையைத் தேய்க்கறீங்க. பம்ப்புன்னு சொன்னா தேய்க்கல. மீட்டரைப் பாக்கறதுக்குக் கை எதுக்கு?"

மாமா தரையைப் பார்த்தார். காவலாளி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"மீட்டரைப் பாக்கல," என்றார் மாமா. "ஏறப் போகும்போது றெக்கை அடியில கையை வெச்சேன். ஜில்லுன்னு இருந்துச்சு. உள்ள ஃபியூயல் இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு, அப்புறம் எதுக்கு மீட்டர்னு நேரா ஸ்விட்சுக்குப் போயிட்டேன். இங்க எல்லாரும் செய்யறதுதான். மத்தியானம் சாப்பாட்டையே அந்த றெக்கைக்கு அடியிலதான் சாப்பிடுவோம், அங்கதான் குளுகுளுன்னு இருக்கும். ஆனா விசாரணையில கையை வெச்சுப் பாத்தேன்னு எப்படிச் சொல்றது? மீட்டர்ல பாத்தேன்னு சொல்லிட்டேன்."

"சபாஷ்," என்றான் சில்லறை. சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அக்காவின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. காலையில் வாசல்வரை வந்து, உன் மேடத்தை நம்பித்தான்டா இருக்கேன் என்று மட்டும் சொல்லி உள்ளே போனவள். இன்று நாலு மணிக்கு, விசாரணை நடத்துகிற கம்பெனி அதிகாரி தீர்ப்பு சொல்கிறார். தப்பு மாமாவுடையது என்று முடிவானால் லைசென்ஸ் போய்விடும். அதற்கப்புறம் எந்தக் கம்பெனியும் அவரை ஸ்பேனரைத் தொடக்கூட விடாது. வேறு வேலை அவருக்குத் தெரியவும் தெரியாது.

"டேங்க் அண்ணன் பொய் சொல்வாரா?" என்று கேட்டார் மேடம்.

"அவரா? சத்தியமா மாட்டார். தனி ஆளு மேடம், சம்சாரம் போனதுல இருந்து. தினமும் இவன் அக்கா அவருக்கும் சேத்துத்தான் சாப்பாடு கட்டி விடுவா. ஒரே டப்பாவுலதான் ரெண்டு பேரும் சாப்பிடுவோம்." மாமா மறுபடி உள்ளங்கையைப் பார்த்தார். "அவர் காலையிலயே மாத்திட்டேன்னு சொன்னா மாத்தித்தான் இருப்பார். இப்ப எனக்கு என் கை மேலதான் சந்தேகமா இருக்கு."

மேடம் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். "கையைத் தேய்க்கறதை நிறுத்துங்க. தோல் உரிஞ்சுடும்," என்றார். ஆறுதல் சொல்வதில் அவருடைய எல்லை அவ்வளவுதான்.

வாசலில் வருகையாளர் அட்டை வாங்கிக்கொண்டு இருவரும் உள்ளே நடந்தார்கள். விமானத்தைப் பழுது பார்க்கும் ஹேங்கர், தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே மண்டையைப் பிளக்கவில்லை, வேகவைத்தது. ஒரே ஒரு விமானம் மூக்கை வாசல் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது.

டேங்க் அண்ணன் எதிரே வந்து இரண்டு கையாலும் சில்லறையின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த இடத்தில் எரிபொருள் டேங்க் வேலைக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு; சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அண்ணன். "அக்கா எப்படி இருக்கா தம்பி? சாப்பிட்டாளா? ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமே இல்ல. மனுஷன் தங்கம். ஏதோ ஞாபக மறதி. நான்கூட அதிகாரிகிட்ட சொன்னேன், பாத்துச் செய்யுங்கன்னு."

"அதிகாரி என்ன சொன்னார் அண்ணே?"

"அவர் எப்ப யார் சொல்லிக் கேட்டார்?"

சில்லறையின் மனதில் சந்தேகப் பட்டியல் என்று ஒன்று இருந்தால் அதில் அதிகாரி ஒருவர்தான் இருந்தார். கம்பெனியில் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறவர். விமானத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கு மேல் கூரை வேண்டும் என்பது மட்டும்தான் என்று மாமா சொல்லியிருந்தார். அப்படிப்பட்ட ஆள் அவசர அவசரமாக ஒருவனை வெளியே தள்ளப் பார்த்தால் உள்ளே ஏதோ இருக்கும் என்று சில்லறை முடிவு கட்டியிருந்தான்.

மேடம் விமானத்தின் வயிற்றுக்கு அடியில் குனிந்து, சக்கரம் மடங்கி உட்காரும் குழிக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு குழாயின் வாயில் நீலநிற மூடி திருகியிருந்தது.

"இது என்ன அண்ணே?"

"எண்ணெய் டேங்க்குக்குள்ள போற குழாய்ம்மா. டேங்க்கைத் திறக்கறதுன்னா இதைக் கழட்டி மூடி போட்டுடணும். மொதல்ல ஃபியூயலை மாத்தணும், அப்புறம் மூடி. காலையில ஃபியூயலை மாத்தினேன். பம்ப் போனதுக்கப்புறம், அன்னைக்குச் சாயங்காலம் மூடி போட்டேன்."

"மூடி போட்டா பம்ப்பை ஓட்டக் கூடாதோ?"

"ஓட்ட முடியாதும்மா. மூடி போட்ட கையோட காக்பிட் ஸ்விட்சுல சிவப்புப் பட்டை ஒண்ணு மாட்டிடுவோம். அதைப் பாத்தா யாரும் தொட மாட்டாங்க."

"தெரியாம ஓட்டினா என்ன ஆகும்?"

"அதான் பட்டை இருக்கேம்மா," என்றார் டேங்க் அண்ணன். "டீ சொல்லட்டுமா?"

மேடம் டீயும் வேண்டாம் என்று சொல்லவில்லை, பதிலும் வந்துவிட்டது என்று சொல்லவில்லை. டேங்க் அண்ணன் டீ சொல்லப் போனார்.

அப்போதுதான் மேலே டொங் டொங் என்று சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் சுவரோரம் சாத்தியிருந்த நீண்ட ஏணியில் ஒருவர் இறங்கினார். தலையில் துண்டு, இடுப்பில் தார் டப்பா. முகம் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. நேராக விமானத்தின் இடது இறக்கைக்கு அடியில் இருந்த மஞ்சள் பக்கெட்டிடம் போய் உள்ளே எட்டிப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டார்.

"யாருங்க நீங்க?" என்று கேட்டார் மேடம்.

"கூரை ரிப்பேர் பண்றவன்ம்மா. ஹேங்கர் கூரை ஒழுகுதுன்னு அதிகாரி கூப்பிட்டு விட்டார். நேத்துல இருந்து தேடறேன், ஒரு ஓட்டை கிடைக்கல."

சில்லறை வாசலுக்கு வெளியே வானத்தைப் பார்த்தான். மேகம் என்ற பொருள் கண்டுபிடிக்கப்படாத வானம். "மழை பெஞ்சு எத்தனை மாசம் ஆச்சு?"

"அதைத்தான் தம்பி நானும் கேட்டேன். ஒழுகுதுன்னா ஒழுகுது, போய்ப் பாருன்னுட்டார். அதிகாரி மேலயே சொட்டிடுச்சாம். அதுலயும் இந்த ஒழுகல் சாதாரண ஒழுகல் இல்ல. நேத்து காலையில நான் வந்தப்போ பக்கெட் அந்தப் பக்கத்து றெக்கைக்கு அடியில இருந்துச்சு. சாப்பிட்டு வந்து பாத்தா இந்தப் பக்கம் இருக்கு. ஒழுகல் இடம் மாறிடுச்சுன்னு நெனச்சு, நானும் கூரையில இந்தப் பக்கம் மாறி உக்காந்தேன்."

"பக்கெட்டை மாத்தினது யாரு?"

"டேங்க் அண்ணன்தான். நல்ல மனுஷன். 'இங்கதான் ஒழுகுது, மேல நல்லாத் தேடுங்க'ன்னு சொல்லி டீ வேற வாங்கிக் குடுத்தார்." சொல்லிவிட்டு மறுபடி ஏணியில் ஏறினார்.

மேடம் பக்கெட்டுக்குள் பார்த்தார். அடியில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கிடந்தது. விரலைவிட்டுப் பார்த்து முகர்ந்தார். தண்ணீர்தான். பிறகு விமானத்தைச் சுற்றிக்கொண்டு வலது இறக்கைப் பக்கம் நடந்தார். அங்கே சக்கரம் வைத்த படிக்கட்டு ஒன்று நின்றது. ஏறிச் செய்ய அங்கே ஒரு வேலையும் இருந்த மாதிரி தெரியவில்லை.

"சில்லறை, இதைக் கொஞ்சம் தள்ளு."

தள்ளினான். கீழே சிமென்ட் தரையில் மஞ்சள் பெயின்ட்டில் பெரிதாகப் பெருக்கல் குறி ஒன்று போட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், அதே பெயின்ட்டில், முந்தா நாள் தேதியிட்டு ஒரு கையெழுத்து.

சில்லறை குனிந்து பார்த்தான். "தரையிலயா மேடம் கையெழுத்துப் போடுவாங்க?"

"போடற ஆள் ஒருத்தர் இருக்கார்னு உங்க மாமா சொன்னாரே."

"சரி, டேங்க் அண்ணன் பக்கெட்டை மாத்தியிருக்கார், படிக்கட்டைக் கொண்டுவந்து மேல நிறுத்தியிருக்கார். இவ்வளவு செஞ்சவர் இதை ஒரு துணியைப் போட்டுத் துடைச்சிருக்கலாமே."

"அதிகாரி கையெழுத்தை அழிக்கற தைரியம் இந்தக் கம்பெனியில யாருக்கு இருக்கு?" என்றார் மேடம். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வா. உங்க மாமாவையும் கூட்டிக்கோ. டேங்க் அண்ணனையும். டீயை அங்கேயே குடிச்சுக்கலாம்."

அதிகாரியின் அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. மேஜைமேல் பேப்பர்கள், நாலு நிறத்தில் பேனாக்கள், ஒரு தட்டில் கவிழ்த்த டம்ளர்கள், பக்கத்தில் ஐஸ் போட்ட தண்ணீர் ஒரு டம்ளர். அதிகாரி சலவைச் சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மாமா ஒரு ஓரமாக நின்றார். டேங்க் அண்ணன் அவர் தோளில் கையை வைத்தபடி பக்கத்தில் நின்றார்.

"சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தா சொல்லுங்க," என்றார் அதிகாரி. "ஆனா முடிவு எடுத்தாச்சு."

"நான் கூரையைப் பத்திப் பேச வந்தேன் சார்," என்றார் மேடம்.

மாமா நிமிர்ந்தார். சில்லறைக்கே ஒரு நிமிஷம் தூக்கிவாரிப் போட்டது. அதிகாரியின் முகம் மட்டும் மலர்ந்தது. அந்தக் கட்டடத்தில் கூரையைப் பற்றி அக்கறையோடு பேசிய முதல் ஆள் மேடம்தான்.

"நீங்களாவது கேக்கறீங்களே. என் கழுத்துலயே சொட்டுச்சு மேடம். புதுச் சட்டை. இவங்க யாரும் கண்டுக்கல. நானே பெயின்ட் வாங்கிக் குறி போட்டு, பக்கெட் வைக்கச் சொன்னேன்."

"எங்க நின்னுட்டு இருந்தீங்க?"

"வலது றெக்கைக்கு அடியில. அந்தப் பக்கத்துக் கதவு வழியாத்தான் நான் உள்ள வருவேன். கூரையில இருந்து றெக்கை மேல விழுந்து, அது வழியா வழிஞ்சு என் மேல சொட்டியிருக்கு."

"எந்த நேரத்துல?"

"இதோ, இவர் அந்தப் பம்ப்பை ஓட்டினாரே, அப்பத்தான். அது ஊளையிட்ட ஊளையில நான் காதைப் பொத்திக்கிட்டு நின்னேன். கழுத்துல சொட்டினப்போ துடைக்கறதுக்குக்கூடக் கை இல்ல."

"தண்ணி எப்படி இருந்துச்சு சார்?"

"எப்படின்னா? ஜில்லுன்னு இருந்துச்சு. ஐஸ் தண்ணி மாதிரி. தூக்கிவாரிப் போட்டுது."

மேடம் தலையாட்டினார். "வெளிய இவ்வளவு வெயில். தகரக் கூரை. மேல வேலை பாக்கற ஆளோட முகமே செங்கல் மாதிரி ஆயிடுச்சு. அந்தக் கூரையில இருந்து வர்ற தண்ணி ஜில்லுன்னு இருக்குமா சார்?"

அதிகாரி நிமிர்ந்து தன் அறைக் கூரையைப் பார்த்தார்.

மேடம் ஐஸ் தண்ணீர் டம்ளரைத் தூக்கிக் காட்டினார். டம்ளருக்கு வெளியே முத்து முத்தாக வியர்த்து, கீழே இருந்த பேப்பரில் வட்டமாக ஈரம் படிந்திருந்தது. தட்டிலிருந்து ஒரு காலி டம்ளரை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இது வியர்க்குது. இது வியர்க்கல. உள்ள ஜில்லுன்னு ஏதாவது இருந்தாத்தான் சார் வெளிய வியர்க்கும். அன்னைக்குக் காலையில மேல குளிர்ல பறந்துட்டு வந்த ஃபியூயல் றெக்கைக்குள்ள இருந்துச்சு. றெக்கை வியர்த்துது. அது உங்க கழுத்துல விழுந்துது. காலையிலயே ஃபியூயலை மாத்தியிருந்தா, இந்த வெக்கையில மத்தியானம் அந்த றெக்கை வெறும் தகரம். சூடா இருந்திருக்கும். பம்ப் ஓடும்போது உங்க மேல சொட்டுச்சு. அதுக்கப்புறம் நீங்க வெச்ச பக்கெட்லயும் சொட்டியிருக்கு. அப்படின்னா பம்ப் போன பிறகும் ஃபியூயல் அங்கேயேதான் இருந்துது."

சில்லறை அதிகாரியையே பார்த்துக்கொண்டிருந்தான். வில்லன் என்று மனதில் பட்டை கட்டி வைத்திருந்த ஆள், மாமாவுக்கு இருந்த ஒரே சாட்சியாக, சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். இனி யாரைச் சந்தேகப்படுவது என்று அவன் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மாமாவின் தோளில் இருந்த கை மெதுவாகக் கீழே இறங்குவதைப் பார்த்தான்.

"ஃபியூயல் இருந்தும் பம்ப் ஏன் போச்சு?" என்று அதிகாரி கேட்டார். அந்த மனிதரிடமிருந்து வந்த முதல் நல்ல கேள்வி.

"எண்ணெய் அந்த ஃபியூயல்கிட்டப் போனாத்தானே சார் ஆறும். போற வழியில மூடி போட்டிருந்தா?" மேடம் திரும்பினார். "மொதல்ல ஃபியூயல், அப்புறம் மூடின்னு நீங்கதான் சொன்னீங்க அண்ணே. அன்னைக்கு மட்டும் தலைகீழா நடந்திருக்கு. இல்லன்னா, கூரை ஒழுகலைன்னு தெரிஞ்ச ஆள் பக்கெட்டை இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கத்துக்கு ஏன் தூக்கிட்டுப் போகணும்?"

டேங்க் அண்ணனின் முகத்தில் ஈயாடவில்லை. சிரிப்பு மட்டும், எடுத்து வைக்க மறந்த சாமான் மாதிரி, அங்கேயே இருந்தது.

மாமாதான் கேட்டார். சத்தமே இல்லாமல் கேட்டார். "அண்ணே. மூடி எப்ப போட்டீங்க?"

"காலையில," என்றார் டேங்க் அண்ணன்.

"பட்டை?"

டேங்க் அண்ணன் பேன்ட் பாக்கெட்டுக்குள் கையைவிட்டு, சுருட்டி வைத்திருந்த சிவப்புப் பட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். "கையில எடுத்துட்டுத்தான் போனேன். படி ஏறும்போது ஒரு போன் வந்துச்சு. பாக்கெட்ல வெச்சேன். அப்படியே மறந்துட்டேன். பம்ப் ஊளையிட்டப்பதான் ஞாபகம் வந்துச்சு. ஓடி வரேன், அதுக்குள்ள போயிடுச்சு. உன்னை முதலுதவிக்குக் கூட்டிட்டுப் போனாங்க, நான் இங்க ஃபியூயலை மாத்தினேன்." பட்டையின் சுருக்கத்தை விரலால் நீவினார். "ரெண்டு நாளா இதைத் தூக்கிப் போடணும்னு பாக்கறேன். மனசு வரல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணே."

"இன்னும் கொஞ்ச நாள்ல எனக்கு ஓய்வு. கடைசியில இப்படி ஒரு பேரோட போகணுமேன்னு பயமா இருந்துச்சு. உனக்கு வயசு இருக்கு, வேற எங்கயாவது கிடைச்சுடும்னு நெனச்சேன்."

"லைசென்ஸ் போனவனுக்கு எங்க அண்ணே கிடைக்கும்? உங்களுக்குத் தெரியாதா?"

டேங்க் அண்ணன் பட்டையை மறுபடி சுருட்ட ஆரம்பித்தார். அவருக்குத் தெரியும் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்தது. மாமாவின் கண் நிறைந்துவிட்டது. கோபமாக இருந்தால் சில்லறைக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், அது கோபமில்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதரை அவர் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி தொண்டையைச் செருமினார். இழுப்பறையைத் திறந்து, பறித்து வைத்திருந்த லைசென்ஸை எடுத்து மேஜையில் மாமாவின் பக்கம் நகர்த்தினார். "ஆனாலும், நீங்க மீட்டரைப் பாத்தீங்களா, இல்லையா?"

"பாக்கல சார். கையை வெச்சுத்தான் பாத்தேன். மீட்டர்ல பாத்தேன்னு சொன்னது பொய்."

"அதுக்கு எச்சரிக்கை உண்டு. எழுத்துல வரும்."

"சரி சார்."

அதிகாரி பச்சைப் பேனாவைத் திறந்தார். டேங்க் அண்ணனை வெளியே உட்காரச் சொன்னார். அவர் போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். அதிகாரி கொஞ்ச நேரம் எழுதினார், நிறுத்தினார், கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"அப்போ கூரை?" என்று கேட்டார்.

"கூரை நல்லாத்தான் இருக்கு சார்," என்றார் மேடம். "மேல ஒருத்தர் வெந்துட்டு இருக்கார். இறங்கச் சொல்லி ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க."

வெளியே வந்ததும் சில்லறையின் போன் அடித்தது. அக்கா. எடுத்துக் காதில் வைத்தான். என்னடா ஆச்சு என்று அவள் கேட்டாள். நாக்கில் தயாராக ஏழெட்டு வேடிக்கை இருந்தன. ஒன்றுகூட வெளியே வரவில்லை. போனை மாமாவின் கையில் கொடுத்துவிட்டு, காருக்குச் சாவி தேடுகிறவனைப் போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான்தான்," என்றார் மாமா. "ம். ஒண்ணும் ஆகல. லைசென்ஸ் கையிலதான் இருக்கு. அழாத. அதான் ஒண்ணும் ஆகலைன்னு சொல்றேன்ல. நாளைக்குக் காலையிலேயே வேலைக்கு வரணும். சாப்பாடு கட்டி வெச்சுடு."

அந்தப் பக்கம் அக்கா மூக்கை உறிஞ்சிவிட்டு, அழுகையும் சிரிப்புமாகப் பேசியது சில்லறைவரை கேட்டது. "பெரிய டப்பாவுலயே கட்டிடறேன். டேங்க் அண்ணனும் ரெண்டு நாளா என்னத்தைச் சாப்பிட்டாரோ. அவருக்கும் சேத்துத்தானே?"

மாமா ஹேங்கரைத் திரும்பிப் பார்த்தார். வலது இறக்கைக்கு அடியில், படிக்கட்டைத் தள்ளிவிட்ட இடத்தில், மஞ்சள் குறி அப்படியே தெரிந்தது. அவரும் டேங்க் அண்ணனும் உட்கார்ந்து சாப்பிடும் இடம் அதுதான்.

"இல்லம்மா," என்றார். "சின்ன டப்பா போதும்."